வல்லாரை வெண்பாவில் மூளை எங்கே? குணவாகடப் பாடல் ஒன்றின் மறுவாசிப்பு

சைதாப்பேட்டைச் சந்தையில் சிறு கட்டுகளாக விற்கும் வல்லாரைக்கு இரண்டு புகழ் உண்டு. நினைவாற்றலை வளர்க்கும் என்பது ஒன்று. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்பது மற்றொன்று. சித்த மருத்துவ நூல்களை இன்றைய உடலியங்கியலோடு பொருத்திக் காட்டும் ஆய்வுப் போக்கு ஒன்று இவ்விரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அகத்தியர் பெயரில் வழங்கும் குணவாகட நூலின் வல்லாரை வெண்பாவை அதற்கு மூலச் சான்றாக வைக்கிறது. அந்த வெண்பா சொல்வது வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதில் மூளையும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. இரண்டாவது புகழ் சித்த நூல்களிலிருந்து வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறோர் உறுப்பைப் பற்றி நடந்த ஆய்வுகளிலிருந்து மூளைக்கு இடம் மாறியது. பாட்டின் பொருளைத் திருத்துவதோடு இது முடியும் செய்தியன்று. இந்தக் கீரையை மூளைக்கான மருந்தாக நம்பும் குடும்பங்களில், மூளையின் இரத்தக் குழாய்களை உண்மையில் சிதைக்கும் காரணம் கவனிக்கப்படாமல் போகிறது.

வெண்பாவின் முற்பாதி மூன்று நோய்களைச் சொல்கிறது. பிற்பாதி ஓர் ஏவலைச் சொல்கிறது. மூன்று நோய்களில் முதலாவதான அக்கர நோய்தான் சிக்கலுக்குரியது. அக்கரம் என்னும் சொல்லுக்கு எழுத்து என்ற பொருளும் உண்டு. வடமொழி அட்சரத்தின் தமிழ் வடிவம் அது. எழுத்து, கல்வி, நாவன்மை, அறிவு என்று பொருளை நீட்டிக்கொண்டே போனால் வல்லாரையின் 'சரஸ்வதிக் கீரை' என்னும் வழக்குப் பெயரோடு அழகாகப் போய்ச் சேரலாம். இந்த அழகுதான் ஐயத்துக்குரியது. சித்த மருத்துவத்தில், குறிப்பாகக் குழந்தை மருத்துவத்தில், அக்கரம் என்பது வாய்க்குள் தோன்றும் புண்ணுக்கு நிலைத்த பெயர். சொல்லின் அக்கம்பக்கமும் இதையே உறுதி செய்கிறது. அடுத்து வருவது வயிற்றிழிவு, அதற்கும் அடுத்தது இரத்தக்கடுப்பு. வாயில் தொடங்கி வயிற்றின் வழியாகக் குடலின் கடைசிவரை இறங்கும் ஒரே பாதையின் மூன்று நிலைகள் இவை. பாடியவர் உணவுப் பாதையை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தியிருக்கிறார். அந்த வரிசையின் தலைப்பில் மட்டும் கல்விக் குறைபாட்டை வைத்தார் என்று கொள்ள மொழி இடம் தரவில்லை.

மூன்றாவது நோயிலும் ஒரு வழுக்கல் உண்டு. பாட்டில் இரத்தம் என்னும் சொல் வருவது இந்த ஓரிடத்தில்தான். முன்சொல்லோடு புணர்ந்து, சீர் பிரிப்பில் நடுவே உடைந்து நிற்பதால், மேலோட்டமாகப் படிப்பவர் அதைத் தனியே எடுத்து இரத்தத்தோடு தொடர்புடைய ஏதோ ஒரு நலமாகக் கொள்ள வாய்ப்பு உண்டு. சொல்லைச் சேர்த்துப் படித்தால் ஐயம் தீரும். அது சீதத்தோடும் இரத்தத்தோடும் வயிறு கடுத்துப் போகும் நோய். ஓடும் இரத்தத்தைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. வீணாக வெளியேறும் இரத்தத்தை நிறுத்துவதே பேச்சு. பிற்பாதியின் ஏவல் இந்த வாசிப்புக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. பக்கத்தில் இருப்போருக்கெல்லாம் இது மருந்து என்று சொல்லி, நல்ல மனைக்குள் இச்செடியை வளர்த்துவை என்கிறது பாட்டு. அளவு, அனுபானம், பத்தியம் எதுவும் இல்லை. குழந்தைக்கு வாய் வெந்தாலும் பெரியவருக்கு வயிறு கெட்டாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய வீட்டுச் செடி பற்றிய அறிவுரை இது. பஸ்பம், செந்தூரம் பற்றிய பாடல்களின் தொனி இதில் அறவே இல்லை.

ஒரு வெண்பாவைக் கொண்டு ஒரு மரபு முழுவதையும் அளந்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கற்ப நூல்கள் வல்லாரையை அறிவுத் தெளிவோடு சேர்த்துப் பேசுகின்றன. ஆனால் கற்பம் நரை திரை மூப்பு நீக்கத்தைக் குறிவைத்து, நீண்ட விரதத்தோடு மேற்கொள்ளும் பயிற்சி. அன்றாட உணவின் குணத்தைச் சொல்லும் நூலுக்கு அதை உரையாக்குவது முறையன்று. சரக சங்கிதை மேதைக்குரிய இரசாயனங்கள் என்று வகுத்த நான்கில் மண்டூகபர்ணியும், அதாவது வல்லாரையும், ஒன்று என்பதும் உண்மை. நினைவாற்றல் புகழின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்க வேண்டும். அந்த வேரும் கலந்து கிடக்கிறது. வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்கிறார்கள். தெற்கே பிரமி என்றால் நீர்ப்பிரமி. முதலாவது கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது அதற்குச் சற்றும் உறவில்லாத சதுப்புநிலச் செடி. ஒன்றின் மீது நடந்த ஆய்வின் முடிவு மற்றதன் கணக்கில் ஏறுவது இன்றும் நிற்கவில்லை. வாய்மொழி வழக்கு நூல்வழக்குக்கு முந்தியது என்ற எதிர்வாதத்துக்கு நீண்ட விடை வேண்டாம்: வாய்மொழி 'ஞாபக சக்தி' என்றுதான் சொல்லிவந்தது, 'இரத்த ஓட்டம்' என்று சொல்லவில்லை.

அப்படியானால் இரத்த ஓட்டம் எங்கிருந்து வந்தது? கால்களிலிருந்து. வல்லாரையின் டிரைடெர்பீன் சேர்மங்களைத் தரப்படுத்திப் பிரித்தெடுத்த சாற்றை ஐரோப்பாவில், குறிப்பாக இத்தாலியில், கால் சிரைகள் தளர்ந்து வீங்கியவர்களுக்கும் நீரிழிவால் நுண்குழாய்கள் பழுதுற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைந்தது, கணுக்கால் அருகே நுண்ணோட்டம் சீரானது என்ற முடிவுகள் வெளிவந்தன. கால் சிரையின் சுவர் வலுப்பெறுவதும் மூளைத் தமனியின் ஓட்டம் கூடுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். சென்னை ஆய்வாளர்களான அப்பா ராவும் அவர் குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பொது அறிதிறனை அளந்தது, ஓட்டத்தை அளக்கவில்லை. பக்கவாதத்துக்குப் பின் அறிதிறன் குறைந்த 48 பேரிடம் இந்தோனேசியாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, வல்லாரைச் சாறு ஃபோலிக் அமிலத்துக்கு ஏறத்தாழ நிகராக நின்றது என்றது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட குழு அதில் இல்லை. 11 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த பகுப்பாய்வு அறிதிறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. விழிப்பும் மனநிலையும் சற்றே மேம்படலாம் என்பதோடு அது நின்றுகொண்டது. இச்சான்றுகள் வல்லாரையைத் தள்ளிவைக்கப் போதா. அதன் பெயரில் இன்று சொல்லப்படுவதைத் தாங்கவும் போதா.

'ஓட்டத்தைக் கூட்டுதல்' என்ற கருத்தே பிழையான இலக்கு என்பது இதைவிட அடிப்படையான தடை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கைப் பெறுகிறது. நலமுள்ளவரிடம் 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் என்ற அளவை, இரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளையின் நுண்தமனிகள் சுருங்கியும் விரிந்தும் தாமே காத்துக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தத்தைத் தாங்கும்போது அவற்றின் சுவர் தடித்துக் குழாய் குறுகி, இந்தத் தற்காப்பு கெடுகிறது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வு இதை மறுபக்கத்திலிருந்து காட்டியது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140ஐ இலக்காகக் கொண்ட குழுவைவிட லேசான அறிதிறன் குறைபாடு குறைவாக இருந்தது. அழுத்தத்தைக் குறைத்தால் மூளைக்கு இரத்தம் போதாமல் போகும் என்ற பழைய அச்சத்துக்கு மாறாக, அக்குழுவினரில் ஒரு பகுதியினரைப் படமெடுத்துப் பார்த்தபோது மூளையின் இரத்த ஓட்டம் சற்றே கூடியிருந்தது. கீரைகளின் நைட்ரேட் குழாய்களை விரிக்குமே என்பார் உண்டு. முதியோர் சிலரிடம் நைட்ரேட் மிகுந்த உணவு மூளையின் முன்பகுதி ஓட்டத்தைச் சிறிது கூட்டியது உண்மைதான். ஓரிரு நாள் உணவின் விளைவை முப்பது ஆண்டு உப்பின் விளைவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

இரத்த அழுத்தத்தை ஏற்றும் உப்புக்கு வந்துவிட்டோம். சென்னை நகர மக்களிடையே நடந்த கியூர்ஸ் ஆய்வு, 2007இல் வெளியான கணக்கின்படி, சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு 8.5 கிராம் உப்பு உண்பதைக் காட்டியது; உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5 கிராம். தமிழக அரசின் ஸ்டெப்ஸ் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 2020இல் 7.3 சதவீதம் பேர்தாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு, 2023–24இல் அது 17 சதவீதம் ஆனது. ஏற்றம் பெரிது, எஞ்சியது அதைவிடப் பெரிது. 2023 நவம்பரில் பெசன்ட் நகரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதை மூளைக் குழாய்களுக்குச் செய்யும் நன்மையும் பெரும்பாலும் அழுத்தம், சர்க்கரை வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் சுமார் 5 ஆண்டுகள் நடந்த ஆய்வில், சமையல் உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதாலேயே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகப் பழுது உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் வெண்பாவின் பிற்பாதி மீண்டும் நினைவுக்கு வருகிறது. மனைக்குள் வளர்த்துப் பச்சையாகக் கிள்ளிய இலையில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் உண்டு. யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலில் தேங்காய்ப்பூவும் எலுமிச்சைச் சாறும் கசப்பை மட்டுப்படுத்துகின்றன. நம் துவையலில் அந்த வேலையைப் புளியும் உப்பும் செய்கின்றன. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கும், மறதி தொடங்கியபின் பெரியவர்களுக்கும் நாம் அரைத்துக் கொடுப்பது அந்தத் துவையலைத்தான். குணவாகடத்துக்கு இனி உரை எழுதுவோர் அக்கரம் என்பதற்கு வாய்ப்புண் என்றே பொருள் எழுதலாம். மூன்றாம் நோயைச் சொல் உடையாமல் சேர்த்து அச்சிடலாம். இத்தாலியக் கால் சிரைகளின் கணக்கை அகத்தியர் பெயரில் எழுதாமல் விடலாம்.