ஹில்ஸ்பரோ பேரழிவு: பழி சுமத்தலும் பத்திரிகைகளும்

ஹில்ஸ்பரோ பேரழிவு என்பது 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் நேர்ந்த கூட்ட நெரிசல். லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிகள் மோதிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக் கால்பந்து ஆட்டத்தைக் காணவந்த லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இதில் உயிரிழந்தார்கள். மிக இளையவருக்கு வயது 10, மூத்தவருக்கு 67. காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்பதை அரசு அமைத்த விசாரணையே நான்கு மாதத்துக்குள் சொல்லிவிட்டது. அந்த முடிவு மரண விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பாக ஆவதற்கோ 27 ஆண்டுகள் பிடித்தன. குடிபோதையிலிருந்த ரசிகர்கள் தங்கள் சாவைத் தாங்களே தேடிக்கொண்டார்கள் என்ற கதை இடைப்பட்ட காலமெல்லாம் உயிரோடு இருந்தது. அதற்கு ‘தி சன்’ பத்திரிகையின் ஒரு முதல் பக்கத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அந்தப் பக்கம் மன்னிக்க முடியாததுதான். ஆனாலும் கிடைத்துள்ள ஆவணங்களைக் கோத்துப் பார்த்தால், அது ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி மட்டுமே என்பது தெரிகிறது. பொய்யைத் தொடங்கியவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்லர். அதை நெடுங்காலம் காப்பாற்றியவர்களும் அவர்கள் மட்டும் அல்லர்.

நிகழ்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டது அரங்கின் லெப்பிங்ஸ் லேன் முனை. அங்கே நின்று பார்ப்பதற்கான சீட்டு வைத்திருந்தவர்கள் சுமார் 10,100 பேர். அவர்கள் அத்தனை பேரும் 7 சுழல் வாயில்கள் வழியாக ஒவ்வொருவராக நுழைய வேண்டும். மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டரை மணிக்கே வெளியில் நெரிசல் முற்றிவிட்டது. வெளியே நின்ற காவல் அதிகாரி, பெரிய வெளியேறு கதவுகளைத் திறக்காவிட்டால் ஆட்கள் செத்துவிடுவார்கள் என்று வானொலிக் கருவியில் திரும்பத் திரும்பக் கேட்டார். 2:52க்கு, பொறுப்பிலிருந்த தலைமைக் கண்காணிப்பாளர் டேவிட் டக்கன்ஃபீல்ட் ‘சி’ கதவைத் திறக்க உத்தரவிட்டார். அந்தப் பதவிக்கு அவர் வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளே வந்த சுமார் 2,000 பேருக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது சரிந்து இறங்கி, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகள் இரண்டில் போய் முடிந்தது. அதை அடைக்க யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டு அடைப்புகளில் இடம் கிடந்தது. அங்கே போகும் வழியைக் காட்ட ஆளில்லை. முன்னால் உயரமான கம்பிவேலி, பின்னாலிருந்து தள்ளு. 3:06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது பலர் நின்றநிலையிலேயே மூச்சடைத்துப் போயிருந்தார்கள். காவல்துறையின் கட்டுப்பாட்டு அறை இந்த அடைப்புகளைப் பார்த்தபடியே இருந்தது. உள்ளே கண்காணிப்புத் திரைகளும் இருந்தன.

அந்த அறையில்தான் பொய் பிறந்தது. ஏறக்குறைய 3:15 மணிக்கு, என்ன நடந்தது என்று கேட்டு வந்த கால்பந்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகி கிரஹாம் கெல்லியிடம், ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்துவிட்டதாக டக்கன்ஃபீல்ட் சொன்னார். கதவைத் திறக்கச் சொன்னவரே அவர். கெல்லி வழியாகவும் வானொலி வழியாகவும் அது அன்று மாலைக்குள் உலகைச் சுற்றிவந்தது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஜாக் ஜார்ஜ் ரசிகர்களை மிருகங்களோடு ஒப்பிட்டுப் பேசினார். தாம் சொன்னது பொய் என்று டக்கன்ஃபீல்ட் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2015இல். கதவு பற்றிய பொய் உண்மையில் சீக்கிரமே அம்பலப்பட்டுப்போனது. ஆனால் அதிகாரிகளுக்கு அது தந்த சட்டகம் நிலைத்துவிட்டது. கதவை உடைக்கவில்லையா, சரி, தாமதமாக வந்தார்கள், சீட்டில்லாமல் வந்தார்கள், குடித்துவிட்டு வந்தார்கள். குற்றச்சாட்டு மாறிக்கொண்டே போனது, குற்றவாளி மாறவில்லை.

‘தி சன்’ ஏப்ரல் 19 அன்று ‘உண்மை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு வெளியிட்ட முதல் பக்கம் இந்தப் பின்னணியில்தான் வந்தது. இறந்தவர்களின் பைகளில் சில ரசிகர்கள் கைவிட்டார்கள், காவலர்கள் மீது சிறுநீர் கழித்தார்கள், உயிர்மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த காவலரை அடித்தார்கள் என்பவை அதன் மூன்று குற்றச்சாட்டுகள். ஆசிரியர் கெல்வின் மெக்கென்சி. செய்தி வந்த வழி 2012இல்தான் ஆவணங்களோடு வெளியானது: காவலர்கள் ஷெஃபீல்டிலிருந்த ஒரு செய்தி முகமையிடம் பேசினார்கள், உள்ளூர் கன்சர்வேடிவ் நாடாளுமன்ற உறுப்பினர் இர்வின் பாட்னிக் அதையே காவலர்களிடம் கேட்டதாகச் சொல்லி வலுவூட்டினார், காவலர் சங்கப் பொறுப்பாளரும் ஆமோதித்தார். பத்திரிகை வெளியான அதே நாள் காலையில், ஷெஃபீல்டின் ஓர் உணவகத்தில் கூடிய காவலர் சங்கக் கூட்டத்துக்குத் தெற்கு யார்க்‌ஷயர் காவல்துறைத் தலைவர் பீட்டர் ரைட்டே வந்து, அசைக்க முடியாத வாதம் ஒன்று தயாராகும் என்று உறுப்பினர்களுக்குத் தெம்பூட்டியிருக்கிறார். வெளியில் தாம் பேச முடியாததை, சங்கம் பேசலாம் என்பது ஏற்பாடு. இழந்த பிள்ளைகளை அடக்கம் செய்யக்கூட முடியாமல் குடும்பங்கள் காத்திருந்த நேரம் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பத்திரிகைகள் அவசரத்தில் இயங்குபவை. காவலர்களும் மக்கள் பிரதிநிதி ஒருவரும் சொன்னதை வெளியிட்டது எப்படிப் பெருங்குற்றமாகும்? தவிர, நான்கு ஆண்டுகளுக்கு முன், 1985இல், பிரஸ்ஸல்ஸின் ஹெய்ஸல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததைத் தொடர்ந்து 39 பேர் இறந்திருந்தார்களே. சந்தேகப்பட முகாந்திரம் இல்லையா? இந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. அதே முகமைச் செய்தியை அன்று வேறு நாளேடுகளும் போட்டன. ஆனால் அவற்றில் பல, இது காவல்துறை தரப்பின் குற்றச்சாட்டு என்று தெரியும்படி போட்டன. ‘தி சன்’ அந்த ஒரு வேலியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, குற்றச்சாட்டையே உண்மை என்று பெயரிட்டது. ஹெய்ஸல் வாதமோ எதிர்த்திசையில்தான் போகிறது. ரசிகர்கள் என்றாலே கலகக்காரர்கள் என்று நாடே நம்பத் தயாராக இருந்த காலத்தில், அந்த நம்பிக்கையால் நேரடியாக லாபமடையும் தரப்பிலிருந்து வரும் செய்தியை இரட்டிப்பாகச் சோதித்திருக்க வேண்டும். அந்த மனப்போக்குதான் அரங்கிலும் வினையாற்றியது: வேலியேறி உயிர்தப்ப முயன்றவர்களை, மைதானத்துக்குள் புகுந்து கலகம் செய்ய வருபவர்களாகவே சில காவலர்கள் முதலில் பார்த்தார்கள்.

தாமதமும் மதுவும் பற்றிய வாதத்தை எண்களே தீர்த்துவிடுகின்றன. இரண்டே முக்காலுக்குள், அதாவது ஆட்டத்துக்குக் கால்மணி முன்னதாக, இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் சீட்டில் அச்சாகியிருந்தது. அந்த 7 வாயில்களும் இயங்கிய வேகத்தில் எல்லோரும் உள்ளே வர 3:40 வரை ஆகியிருக்கும் என்று பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் நிபுணர்கள் கணக்கிட்டார்கள். அப்படியானால் எவ்வளவு ஒழுங்காக வந்திருந்தாலும் அந்த வாசலில் நெரிசல் தவிர்க்க முடியாதது. அதே முனையில் 1981 அரையிறுதியிலேயே நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமடைந்திருந்தார்கள். அரங்கின் பாதுகாப்புச் சான்றிதழோ 1979இல் தந்தபடியே புதுப்பிக்கப்படாமல் கிடந்தது.

அரசு அமைத்த விசாரணையை நடத்திய நீதிபதி பீட்டர் டெய்லர் 1989 ஆகஸ்டில் தந்த இடைக்கால அறிக்கை இவற்றைத் தெளிவாகச் சொன்னது. பழியை ரசிகர்கள் மீது தள்ள முயன்றதற்காகக் காவல்துறையைக் கண்டிக்கவும் செய்தது. அமைப்பு ஒழுங்காகத்தான் வேலை செய்தது, பொய் நான்கே மாதத்தில் திருத்தப்பட்டுவிட்டது என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். திருத்தத்துக்குப் பின் நடந்தவற்றைப் பார்த்தால் அந்த வாதம் நிற்பதில்லை. அறிக்கையின் போக்கை வரவேற்பதாக அரசு சொல்லலாமா என்ற கேள்வி வந்தபோது, அது காவல்துறை மீதான கடுமையான விமர்சனமாயிற்றே, அதையா வரவேற்பது என்ற பொருளில் பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் கைப்படக் குறிப்பெழுதினார். இது தெற்கு யார்க்‌ஷயர் காவல்துறை. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அரசின் பக்கம் நின்று, அப்போது நடந்த ஆர்க்ரீவ் மோதல் வழக்குகளில் சாட்சியம் நம்பத் தகாததாகி வழக்குகள் கவிழ்ந்தபோதும் யாரும் தண்டிக்கப்படாமல் தப்பிய படை. அரசு அதற்குக் கடன்பட்டிருந்தது என்பது என் கணிப்பு. ஆவணம் எதுவும் அப்படிப் பச்சையாகச் சொல்லவில்லை. ஆனால் தாட்சரின் செய்திச் செயலாளராக இருந்த பெர்னார்ட் இங்கம், டெய்லர் அறிக்கை வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், குடிவெறிக் கும்பலே காரணம் என்று எழுதிக்கொண்டிருந்தார். அறிக்கையை அவர் படிக்காமல் இருந்திருக்க முடியாது.

இதைவிடக் கனமான சான்று, காவலர்களின் வாக்குமூலங்கள். டெய்லர் விசாரணைக்கு அனுப்பப்படும் முன்பே அவை சட்ட ஆலோசகர்கள் கையில் போய்த் திருத்தப்பட்டன. 164 வாக்குமூலங்கள் பெரிய அளவில் மாற்றப்பட்டதையும், அவற்றில் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டதையும் ஒரு சுயேச்சைக் குழுவின் 2012 அறிக்கை கண்டறிந்தது. இறந்தவர்கள் எல்லோரிடமும், சிறுவர்களிடமும்கூட, இரத்தத்தில் மது உண்டா என்று சோதிக்கப்பட்டது. மதுவின் சுவடு தென்பட்டவர்கள் மேல் பழைய குற்றப்பதிவு ஏதேனும் இருக்கிறதா என்று காவல்துறைக் கணினியில் தேடினார்கள். பத்து வயதுக் குழந்தையின் உடலிலிருந்து மதுச் சோதனைக்கு இரத்தம் எடுக்கும் ஒரு நிர்வாகத்துக்கு எந்தப் பத்திரிகை ஆணையிட்டது? பிறகு மரண விசாரணை அதிகாரி ஸ்டெஃபான் பாப்பர், 3:15க்குப் பின் நடந்த எதையும் விசாரிக்க வேண்டியதில்லை என்று ஓர் எல்லைக்கோடு போட்டார். அதற்குள் எல்லோருக்கும் மீட்க முடியாத காயம் ஏற்பட்டுவிட்டதாம். இந்தக் கோட்டால் மீட்புப்பணியின் குளறுபடி முழுவதும் பார்வைக்கு அப்பால் போனது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆம்புலன்ஸ்கள் அரங்குக்கு வந்தும் மைதானத்துக்குள் போனவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1991 மார்ச்சில் விபத்து மரணம் என்று தீர்ப்பாயிற்று. 1998இல், புதிய சாட்சியம் ஏதுமில்லை என்று மற்றொரு நீதிபதியின் மறுஆய்வு கோப்பை மூடியது.

கதை மாறியதற்கு லிவர்பூல் குடும்பங்களின் பிடிவாதமே காரணம். நகரம் ‘தி சன்’ இதழைப் புறக்கணித்தது. இன்றும் அங்கே பல கடைகள் அதை விற்பதில்லை. ஆய்வாளர் பில் ஸ்க்ரேட்டன் வாக்குமூலத் திருத்தங்களை 1990களின் இறுதியிலேயே வெளிக்கொணர்ந்தார். 2009இல் இருபதாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் அமைச்சர் ஆண்டி பர்னம் பேசும்போது கூட்டம் நீதி கேட்டு முழங்கியது; அதன் விளைவாக, லிவர்பூல் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் அந்தச் சுயேச்சைக் குழு அமைந்தது. 2012 செப்டம்பர் 12 அன்று அதன் அறிக்கை வந்த நாளிலேயே பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ‘தி சன்’ முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. சரியான நேரத்தில் உதவி கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்றது அந்த அறிக்கை. பழைய தீர்ப்புகள் ரத்தாகி, வாரிங்டனில் இரண்டாண்டுக்கு மேல் நடந்த புதிய விசாரணையில், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தைக்கு இதில் பங்கில்லை என்றும் 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி முடிவு சொன்னது.

கடைசி மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. 2019இல் டக்கன்ஃபீல்ட் கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். எனவே காவல்துறை மேல் பழி போட்டதும் இன்னொரு பலிகடா தேடல்தானே? ஒரு குற்றவியல் வழக்கு கேட்பது, இந்தத் தனிமனிதர் மீதான குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டதா என்பதை. மரண விசாரணை கேட்பது, இவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை. இரண்டு பதில்களும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. எல்லாப் பாவத்தையும் ஓர் அதிகாரியின் தலையில் கட்டுவது தவறு என்பதை நானும் ஏற்கிறேன். வேலி போட்ட, அரங்கின் உரிமையாளரான கால்பந்துக் கழகமும், சான்றிதழைப் புதுப்பிக்காத நகராட்சியும், பழைய நெரிசலை அறிந்தும் அரங்கைத் தேர்ந்தெடுத்த கால்பந்துச் சங்கமும் கணக்கில் வர வேண்டியவை. ஆனால் அவருடைய விடுதலை, ரசிகர்கள் மேலிருந்த பழைய பழிக்கு எந்த வகையிலும் உயிர் தராது.

மொத்தப் பேரழிவுக்காகவும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் ஒரே ஒருவர்: அரங்கின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த கழகச் செயலாளர் கிரஹாம் மேக்ரெல், பாதுகாப்பு விதிமீறலுக்காக 6,500 பவுண்டு அபராதத்தோடு. வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கு 2021இல் முடிந்துபோனது; டெய்லர் விசாரணை நீதிமன்றம் அல்ல என்பதால் அதற்குப் போன வாக்குமூலத்தை மாற்றியது நீதியைத் தடம்புரட்டிய குற்றமாகாது என்றார் நீதிபதி. இதற்கு எதிர்வினையாக, அரசு அதிகாரிகள் விசாரணைகளில் உள்ளதை உள்ளபடி சொல்வதைச் சட்டக் கடமையாக்கும் மசோதா 2025 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. அது அதிகாரிகளுக்கானது, பத்திரிகைகளுக்கானது அல்ல. பத்திரிகைகளுக்கும் காவல்துறைக்கும் இடையிலான உறவை ஆராய்வதாக இருந்த பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தை பற்றிய லெவிசன் விசாரணையின் இரண்டாம் பகுதியை அரசு 2018இல் கைவிட்டது.