கத்தரியும் கல்லூரியும்

ஆள் பாதி, ஆடை பாதி என்று நம் முன்னோர் சொல்லிப் போந்தனர். அந்த ஆடைப் பாதியை உருவாக்கித் தருகின்றவனைப் பற்றி அவர்கள் மிகுதியாக ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. நெசவாளரிடையே கபீர்தாசர் தோன்றினார். நம் வள்ளுவரையும் தறியோடு சேர்த்துப் பேசும் மரபு உண்டு. ஊசிக்கு அத்துணைப் பெருமை கிட்டவில்லை. மராட்டிய நாட்டு நாமதேவர் தையற்குலத்தினர் என்பதை நினைவு கூர்வோரும் இன்று சிலரே.

தலைநகரில் வாழும் நம் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மை நாடி வந்தார். பள்ளிப் படிப்பை முடித்த அவருடைய மகள், ஆடை வடிவமைப்பும் ஆடை தயாரிப்பும் கற்பிக்கும் கல்லூரியிலேதான் சேருவேன் என்று உறுதியாக நின்றாளாம். "தையற்காரி ஆவதற்கு நான்கு ஆண்டுக் கல்லூரியா? எதிர்ச் சந்தில் இருக்கும் தர்ஜி எந்தக் கல்லூரிக்குப் போனார்?" என்று பாட்டனார் வினவினாராம். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறப் புகுந்த நாம், இக்கல்வி எப்படி வந்தது, ஏன் வந்தது என்று தேட வேண்டியதாயிற்று. தேடியதில் கிடைத்தவற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

தைத்தல் நமக்குப் புதிதன்று. புடைவையும் வேட்டியும் தைக்கப்படாத ஆடைகள் என்பதால், தமிழர்க்கு ஊசியே தெரியாது என்று எண்ணிவிடுதல் தவறு. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் குறிப்பிடுகின்றது. துன்னுதல் என்றால் தைத்தல். துணியைத் தைப்போரும் தோலைத் தைப்போரும் அந்நகரில் இருந்தனர். 'தையல்' என்னும் சொல் பெண்ணையும் குறிக்கும், தைக்கும் தொழிலையும் குறிக்கும் என்பது நம் மொழியின் அழகு. ஆயினும் கடையில் அமர்ந்து கூலிக்குத் தைத்தவர் நெடுங்காலம் ஆடவராகவே இருந்தனர். தர்ஜி என்பது பாரசீகச் சொல். துணியின் மூட்டுவாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் தையற்கடைகளில் வழங்கும் காஜா என்னும் சொல்லோ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. ஒரு சட்டையைத் தைக்க எத்தனை நாட்டார் கைகொடுத்திருக்கின்றனர்!

பழைய நாளில் இத்தொழிலைக் கற்கும் முறை ஒன்றே. பத்து வயதுப் பையனைக் கடையில் விடுவார்கள். அவன் கடையைப் பெருக்குவான், இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடுவான், பிறகு பொத்தான் தைப்பான், காஜா எடுப்பான். சில ஆண்டுகள் சென்றபின் இயந்திரத்தில் உட்கார இடம் கிடைக்கும். கத்தரி மட்டும் எளிதில் கைக்கு வாராது. வெட்டுதலே தொழிலின் உயிர். தைத்த பிழையைப் பிரித்துவிடலாம்; வெட்டிய பிழையைப் பிரிக்க இயலாது. ஆகவே மாஸ்டர் வெட்டும்போது பையன் ஓரக்கண்ணால் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். கண் பார்த்ததைக் கை செய்யப் பழகினால் அவனும் ஒரு நாள் மாஸ்டர். பழகாவிட்டால் ஆயுள் முழுதும் காஜாப் பையன்.

மேனாட்டிலும் நிலைமை இதுவே. அளவு நாடா என்னும் எளிய பொருள்கூட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்புதான் புழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதத் துண்டு இருந்தது. தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அதன் ஓரத்தில் வெட்டுக்குறி இட்டு வைப்பார்கள். ஒருவருடைய துண்டு மற்றொருவருக்கு உதவாது. எண் இல்லாத இடத்தில் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத தொழிலைப் பலருக்கு ஒரே வேளையில் கற்பிக்க இயலாது. மாட்ரிட் நகரில் 1580-ஆம் ஆண்டில் ஹுவான் தெ அல்செகா என்னும் தையற்காரர் வெட்டு முறைகளைப் படங்களுடன் அச்சிட்டார். துணி வீணாகாமல் பகுதிகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்பதே அந்நூலின் பெரும் பகுதி. தொழிலின் மறைபொருளைத் துணிந்து வெளியிட்ட அவரை இத்துறையின் முதல் ஆசிரியர் வரிசையில் வைக்கலாம்.

பள்ளிக்கூடம் தோன்றியது பாரிஸ் நகரில். 1841-ஆம் ஆண்டில் அலெக்ஸிஸ் லவீன் என்னும் தையற்காரர் அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். அவர் வழி வந்த நிறுவனம் 'எஸ்மோத்' என்னும் பெயரில் இன்றும் நடைபெறுகின்றது. மனித உடலின் வடிவில் செய்த பொம்மையின்மீது துணியைப் போர்த்திப் பார்த்து வெட்டும் முறைக்கும் அவர் பெயர் தொடர்புடையது.

அதே நாட்டில் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. பார்த்தலெமி திமோனியே என்னும் ஏழைத் தையற்காரர் 1830-இல் ஒரு தையல் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். படைவீரர் உடுப்புத் தைக்க எண்பது இயந்திரங்களுடன் பாரிஸில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. 1831-இல் நகரத்துத் தையற்காரர்கள் திரண்டு வந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். தங்கள் சோறு போய்விடும் என்ற அச்சம். அவர்களை மூடர் என்று இகழ நமக்கு மனம் வரவில்லை. திமோனியேவும் வறுமையிலேயே இறந்தார். அமெரிக்காவில் இலயாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் பெற்ற உரிமைகளே உலகை வென்றன. ஊசியின் கண்ணை முனைக்கு அருகே கொண்டு வந்து, மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளச் செய்ததே அவ்வியந்திரத்தின் நுட்பம். கையால் ஒரு நாள் பிடித்த வேலை இதில் சிறு பொழுதில் முடிந்தது.

இயந்திரம் வந்ததும் பழைய குருகுலம் தளர்ந்தது. இலண்டன் தையற்கடைகளில் தொழில் பயிலச் சென்ற சிறுமியர், கற்றதைவிட ஏவலுக்கு ஓடியதே மிகுதி. எனவே அந்நகரில் பகல்நேரத் தொழிற்பள்ளிகள் எழுந்தன. 1904-இல் பரோ பாலிடெக்னிக்கில் வெயிஸ்ட்கோட்டுத் தைக்கும் வகுப்பு. 1906-இல் ஷோர்டிச்சில் பெண்களுக்கான பள்ளி. 1915-இல் பாரெட் தெருவில் மற்றொன்று. பின்னிரண்டும் வளர்ந்து கலந்ததே இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் இலண்டன் ஃபாஷன் கல்லூரி. ஏழைச் சிறுமியர் வயிறு வளர்க்கக் கற்ற இடம் அது என்பதைப் பாட்டனாருக்குச் சொன்னோம். அவர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிங்கர் இயந்திரத்தை இந்தியா முழுதும் பரப்பியவர்களுள் தலையாயவர் பம்பாயைச் சேர்ந்த நஸர்வாஞ்ஜி மெர்வாஞ்ஜி பட்டேல் என்னும் பார்சி. இயந்திரம் வாங்க வசதியற்ற தர்ஜிகளும் மாதத் தவணையில் அதைப் பெற்றனர். பெண்களுக்குத் தொழிற்கல்வி என்னும் எண்ணமோ சீர்திருத்தக்காரரிடமிருந்து வந்தது. பம்பாயில் 1908-இலும் புனாவில் 1909-இலும் தோன்றிய சேவா சதனங்களில், ஆதரவற்ற பெண்களும் இளம் விதவைகளும் எழுத்தோடு தையலும் கற்றனர். புனா சதனத்தை வளர்த்த ரமாபாய் ரானடேயின் தொண்டு பெரிது. கணவனை இழந்தவள் பிறர் கையை எதிர்பாராமல் உண்ண ஒரு வழி வேண்டும். ஊசி அதற்கு வழியாயிற்று.

காந்தியடிகள் இயந்திரங்களின் பகைவர் என்பர். 1924-இல் இதே தில்லியில் ஜி. ராமச்சந்திரன் என்னும் இளைஞர் அவரிடம் அதைப் பற்றியே கேட்டார். அடிகள் விலக்காக எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாமல் சிங்கர் அதைக் கண்டார் என்பது அடிகள் கேட்ட கதை. சிங்கரின் இல்வாழ்க்கையை ஆராய்ந்தோர் இதைக் கேட்டுச் சிரிப்பர். அவருக்கு ஒரு குடும்பம் அன்று, பல! ஆனால் இளைஞர் விடவில்லை. அவ்வியந்திரத்தைச் செய்ய ஓர் ஆலை வேண்டாவோ என்று மடக்கினார். வேண்டும், ஆனால் அத்தகைய ஆலை நாட்டின் உடைமையாகவோ அரசின் ஆட்சியிலோ இருக்க வேண்டும் என்பது அடிகளின் விடை. அவ்விளைஞரே பின்னாளில் நம் சௌந்தரம் அம்மையாரை மணந்து, 1947-இல் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை இருவருமாக நிறுவியவர். கல்கத்தாவில் 1930-களில் உஷா இயந்திரம் பிறந்தபின், இந்நாட்டு இல்லங்களில் இந்நாட்டு இயந்திரமும் இடம் பெற்றது.

நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே பிரிவினையும் நேர்ந்தது. வீடும் வாசலும் இழந்து தில்லிக்கு வந்த பெண்களுக்குத் தொடங்கிய பயிற்சி நிலையங்களில் தையல் வகுப்பு முன்னின்றது. தலைநகரின் பல தையற்கடைகளுக்கும் ஆடை வணிகங்களுக்கும் வேர் அங்கேதான். 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் எழுந்தன. 'கட்டிங் அண்ட் ஸ்யூயிங்' ஓராண்டுப் படிப்பாயிற்று. பின்னாளில் அதன் பெயர் 'ஸ்யூயிங் டெக்னாலஜி' என மாறியது. 1977-இல் பெண்களின் தொழிற்பயிற்சிக்கென்றே தனித் திட்டம் வந்தது. இன்னொரு புறம், தில்லியில் 1932-இல் தோன்றிய லேடி இர்வின் கல்லூரி போன்றவை, மனையியலின் ஒரு பகுதியாகத் துணியையும் உடையையும் பாடமாக்கின. ஆக, வயிற்றுக்குக் கற்றவர் ஒரு வாயிலிலும், வீட்டுக்குக் கற்றவர் மற்றொரு வாயிலிலும் நுழைந்தனர். இரண்டு வாயிலிலும் வடிவமைப்பு என்ற சொல் பெரிதாகக் கேட்கவில்லை.

அச்சொல் கேட்கத் தொடங்கியதற்கு ஏற்றுமதி காரணம். கட்டம்போட்ட மதராஸ் கைத்தறித் துணி 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பெரும் மோகத்தை எழுப்பியது. துவைத்தால் சாயம் கசியும் என்பதையே ஒரு பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள்! நெய்தவர் நம்மவர், சாயமிட்டவர் நம்மவர், குறையைக் குணமாக்கி விலை வைத்த அறிவு மட்டும் அவர்களுடையது. பின்னர் 1974 முதல் 2004 முடிய, ஒவ்வொரு நாடும் இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்ற ஒதுக்கீடு பன்னாட்டு வணிகத்தில் நிலவியது. எண்ணிக்கையைக் கூட்ட முடியாதவன் ஒவ்வொன்றின் மதிப்பையும் கூட்ட வேண்டும். மதிப்பைக் கூட்டுவது வடிவமைப்பு. இந்நிலையில் 1986-இல் ஜவுளி அமைச்சகம், நியூயார்க்கில் 1944-இல் தோன்றிய ஃபாஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் துணையுடன், தில்லியில் 'நிஃப்ட்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. 1995-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய இடங்களிலும் கிளைகள் தோன்றின. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தது.

அங்கே என்ன கற்பிக்கின்றார்கள் என்று பாட்டனார் கேட்டார். நாம் அவருடைய மருமகளை நோக்கி, "தர்ஜியிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது என்ன கொண்டு போகின்றீர்கள்?" என்றோம். "அளவு ரவிக்கை" என்றார் அவர். அதுவே முதற்பாடம். அளவு ரவிக்கை ஓர் உடலுக்கு உரியது. கல்லூரியில் உடல் அளவுகளிலிருந்து அடிப்படை வடிவம் ஒன்றைக் காகிதத்தில் வரைகின்றார்கள். அதிலிருந்து எந்த ஆடையும் பிறக்கும். மார்பின் வளைவுக்குத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட்டை எங்கே வைப்பது, எப்படி இடம் மாற்றுவது என்பது ஒரு கணக்கு. ஒரே வடிவத்தைச் சிறியவர்க்கும் பெரியவர்க்கும் படிப்படியாக மாற்றுவது இன்னொரு கணக்கு. பாவு நூல் செல்லும் திசையை மறந்து வெட்டினால், துவைத்தபின் ஆடை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஒரே வெட்டாக வெட்டும் ஆலையில், வடிவங்களை நெருக்கி அடுக்குவதில் மிச்சமாகும் ஓரங்குலமும் பெரும் பணம். அல்செகா 1580-இல் கவலைப்பட்டது இதைப் பற்றியே; இன்று கணிப்பொறி அந்தக் கவலையைச் சுமக்கின்றது. இவற்றுடன் ஆடையின் வரலாறு, நிறம், துணியின் இயல்பு, வணிகம் அனைத்தும் பாடங்கள்.

பாட்டனார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் எதிர்ச் சந்து மாஸ்டர்ஜிக்குத் தெரிந்தது ஒன்றும் கல்வி இல்லையா?" என்றார்.

இவ்வினாவுக்கு நம்மிடம் எளிய விடை இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பெண்டிர்க்கு ரவிக்கை தைத்து வரும் அம்முதியவர், வந்து நிற்பவரை ஒரு முறை பார்த்த அளவிலேயே, ஒரு தோள் தாழ்ந்திருப்பதை அறிந்து வெட்டுவார். ஒரு பயிற்சி நிலையத்தில் கற்பிக்க அவர் விரும்பிச் சென்றாராம். சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். அந்நிலையத்தின் பெயர் இங்கு வேண்டா. அனுபவத்தால் அறிந்ததைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடு 2015-இல் தொடங்கிய திறன் வளர்ச்சித் திட்டத்தில் உண்டு என்று அவரிடம் கூறினோம். "இந்த வயதில் எனக்கு யார் பரீட்சை வைப்பது?" என்றார். அவர் குரலில் சினமில்லை. கடைப் பையன்களும் இப்பொழுது வருவதில்லையாம். அவர் கையோடு அவர் வெட்டும் போகும். கல்லூரிகள் கணக்கை எழுதி வைத்தன. இவர் போன்றோரின் கண்ணை எழுதி வைக்க இன்னும் ஒரு வழி காணவில்லை என்பதே நம் குறை.

அன்பரின் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். முதற்பருவத்தில் கையால் காஜா எடுக்கச் சொன்னார்களாம். தான் எடுத்த ஆறு காஜாக்களையும் துணியோடு கொண்டுபோய் மாஸ்டர்ஜியிடம் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கைப் பிரித்தார். "பேட்டி, நூலை இழுக்காதே, படுக்க வை" என்று சொல்லி, தம் அருகிலிருந்த முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினாராம்.