விலக்கிய அளவுகோலும் சேர்த்த அளவுகோலும்

பரீட்சை என்பது கற்றதை அளக்கும் கருவி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், யாரை அளப்பது, யாரை அளவாது விடுவது என்னும் தீர்மானமும் அதனுள் அடங்கியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலே, கடுமையான அறிகைக் குறைபாடுடைய மாணவருக்கென மாற்றுக் கணிப்பீடு தோன்றிய வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும்.

1905 இல் பாரிசு நகரிலே அல்பிரட் பினே, தியோடோர் சிமோன் ஆகிய இருவரும் நுண்மதிச் சோதனையொன்றை வகுத்தனர். சாதாரண வகுப்பிற் பயன்பெற இயலாத பிள்ளைகளை இனங்கண்டு, அவர்களுக்கேற்ற போதனையை அளிப்பதே அதன் நோக்கம். அமெரிக்காவை அடைந்த இம்முறை நாளடைவில் வேறு பணிக்கும் பயன்பட்டது. பென்சில்வேனியா மாநிலச் சட்டம், ஐந்து வயதுக்குரிய உளவயதை எய்தாத பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க மறுப்பதற்கு இடமளித்தது. உதவுதற்கென எழுந்த அளவுகோல் வாயிலை அடைக்கும் தாழாயிற்று.

இதனை எதிர்த்துப் பெற்றோர் அமைப்பொன்று 1971 இல் வழக்குத் தொடுத்தது. இப்பிள்ளைகள் அனைவரும் கல்வியாற் பயன்பெற வல்லவர் என்பதை ஏற்ற இணக்கத் தீர்ப்பு 1972 இல் உறுதியாயிற்று. நாடெங்கும் பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுக் கல்விக்கு முற்றாகப் புறம்பாயிருந்தமையைச் சுட்டிக்காட்டிய காங்கிரஸ், 1975 இல் அவர்களது கல்வியுரிமையைச் சட்டமாக்கியது.

ஆயினும், பாடசாலையினுட் புகுந்தோர் கணக்கினுட் புகவில்லை. மாநிலப் பரீட்சைகளிலிருந்து அவர்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். பெறுபேறு எண்ணப்படாத மாணவர் கற்றனரா என்பதற்குப் பாடசாலை எவருக்கும் விடைகூற வேண்டியிருக்கவில்லை. இந்நிலையை முதலில் மாற்றியது கென்ரக்கி மாநிலமாகும். 1990 இல் அங்கு நிறைவேறிய கல்விச் சீர்திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, எழுத்துப் பரீட்சைக்குப் பதிலாக, மாணவர் ஆண்டு முழுவதும் செய்தவற்றின் சான்றுகளைத் திரட்டிப் புள்ளியிடும் முறை புகுத்தப்பட்டது. 1997 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், 2000 ஆம் ஆண்டு யூலை மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் மாற்றுக் கணிப்பீட்டை ஏற்படுத்த வேண்டுமெனப் பணித்தது.

தொடக்கத்தில் உடுத்தல், உண்ணல், பொருள் வாங்கல் முதலிய வாழ்க்கைத் திறன்களே பெரிதும் அளக்கப்பட்டன. பின்னர் மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றின் எளிதாக்கிய பகுதிகள் அவ்விடத்தைப் பெற்றன. பேச இயலாதவர் படத்தைச் சுட்டியோ பார்வையைச் செலுத்தியோ விடையளிக்கலாயினர். திரட்டப்பட்ட சான்றுகள் மாணவனது கல்வியை விட ஆசிரியரது உழைப்பையே காட்டுகின்றன என்ற கண்டனமும் எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்கதன்று.

வேறோர் ஆபத்தும் இருந்தது. பொதுப் பரீட்சையிற் சித்தியடையார் என அஞ்சப்படும் மாணவரையெல்லாம் மாற்றுக் கணிப்பீட்டுக்குத் தள்ளிவிடுதல் பாடசாலைகளுக்கு எளிது. எனவே 2015 ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பாடத்திற் கணிப்பிடப்படும் மாநில மாணவருள் நூற்றுக்கு ஒருவருக்கு மேற்பட்டோர் அதிற் பங்குபற்றலாகாது என வரையறுத்தது. விலக்களிப்புக் கோருதற்கும் அச்சட்டம் இடம் வைத்தது.

பரீட்சையில் வென்று பல்கலைக்கழகம் புகுந்த நாம், அளக்கப்படுதலைச் சுமையென்றே எண்ணிப் பழகியவர்கள். அளக்கப்படாமையும் ஓர் அநீதியாகலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. அளவுகோல் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அளந்தபின் அப்பிள்ளைக்கு என்ன கற்பிக்கப்படுகின்றது என்பதே அதன் தகுதியைத் தீர்மானிக்கும்.