ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி

ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி பெரும்பாலும் மருந்தின் எதிர்வினையாக வரும் கடும் தோல்நோய். தோலின் மேலடுக்கும் வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் சளிச்சவ்வும் செத்து உரிந்துவிடும். நோய் அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. 1922இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் இருவரும், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண்ணழற்சியும் தோல் தடிப்பும் சேர்ந்து வந்த இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். 1956இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் லயல், வெந்நீர் கொட்டியதுபோலத் தோல் உரிந்த நால்வரை விவரித்தார். இவை ஒரே நோயின் இரு நிலைகள் என்பதே இன்றைய கருத்து. உரிந்த பகுதி உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் முதல் வகை; 30ஐத் தாண்டினால் லயல் கண்ட வகை. முதல் வகையில் இறப்பு ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குள் நிற்கும். இரண்டாவதில் 30 விழுக்காடு அளவுக்குப் போகும்.

வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபூரினால், சல்ஃபா வகையைச் சேர்ந்த கோட்ரைமாக்சசோல், எச்.ஐ.வி. மருந்தான நெவிரபின், சில வலிநிவாரணிகள் ஆகியவை அடிக்கடி குற்றவாளிகளாகப் பிடிபடுபவை. அல்லோபூரினாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூட்டுவலியோ கல்லடைப்போ இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சற்றுக் கூடியிருப்பதற்காக மட்டும் அதை எழுதித் தருவது பெரும்பாலும் வேண்டாத வேலை.

நோயாளி ஏமாறும் இடம் கால இடைவெளி. மாத்திரை தொடங்கிய அன்றே இது வராது. பொதுவாக 4 முதல் 28 நாளுக்குள்ளும், சில மருந்துகளில் எட்டு வாரம் வரையிலும் தலைகாட்டும். அதற்குள் மாத்திரை பழகிப்போயிருப்பதால் அதன்மேல் சந்தேகம் எழுவதில்லை. முதலில் காய்ச்சல், தொண்டைவலி, கண் எரிச்சல். இரண்டொரு நாளில் மார்பிலும் முகத்திலும் கருஞ்சிவப்புத் திட்டுகள். ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று வேப்பிலை செருகி வீட்டில் கிடத்திவிடுவது நம்மூரில் நடப்பதுதான். அதில் கழியும் ஒவ்வொரு நாளும் நோயாளிக்குப் பாதகம்.

மருந்தால் வரும் சாதாரணத் தடிப்பு அரிக்கும். மருந்தை நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் அடங்கும். இதிலோ தோல் அரிப்பதைவிட வலிக்கும். உதடு வெடித்து ரத்தம் கட்டும், கண் சிவந்து பீளை தள்ளும், சிறுநீர் கழிக்கையில் எரியும். திட்டின் ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் வழன்றுவிடும். இதில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு கையில் எடுத்துச் செல்வது நல்லது.

சிகிச்சையின் முதற்படி, காரணமான மருந்தை உடனே நிறுத்துவது. வலிப்பு மாத்திரையானால் மருத்துவர் மாற்று மருந்து தருவார். தீக்காயப் பிரிவிலோ தீவிர சிகிச்சையிலோ வைத்து, கதகதப்பான அறையில் நீர்ச்சத்தையும் ஊட்டத்தையும் ஈடுகட்டி, கிருமித்தொற்றைத் தடுப்பார்கள். சல்ஃபா காரணமாக இருக்கக்கூடும் என்பதால் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு தவிர்க்கப்படுகிறது. சைக்ளோஸ்போரின் பல இடங்களில் கைகொடுக்கிறது. ஸ்டீராய்டு பற்றிய வாதம் ஓயவில்லை. கண் மருத்துவர் முதல் நாளிலிருந்தே பார்த்தாக வேண்டும், ஏனெனில் பிழைத்தவர்களில் பலருக்கு மிஞ்சுவது கண் வறட்சியும் பார்வைக் குறைவும்.

எச்.எல்.ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெபைனால் இந்நோய் வரும் ஆபத்து பல மடங்கு என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினர். அங்கே இப்போது மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை நடக்கிறது.

ஒருமுறை இந்நோய் வந்தவர் அதற்குக் காரணமான மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது. கார்பமாசெபைன் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஃபெனிடாயினும் ஃபீனோபார்பிட்டாலும் ஆகாமல் போகலாம். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.