உளிக்குக் கூர் வைத்தவர்கள்

செங்கம் சாலையை ஒட்டியிருக்கும் ரமணாசிரமத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மௌனத்தைப் பற்றியே எழுதினார்கள். அதில் தவறில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட பதினாறு வயதுப் பையன் 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை இந்த மலையை விட்டுப் போகவில்லை. தேடி வந்தவர்களும் அந்த மௌனத்துக்காகத்தான் வந்தார்கள். ஆனால் இந்த இடம் கட்டப்பட்டபோது மௌனமாக இருந்திருக்க முடியாது. 1922இல் அவருடைய தாய் அழகம்மாளின் சமாதிமேல் போட்ட கொட்டகையிலிருந்து தொடங்கி, மாட்டுத் தொழுவம், சாப்பாட்டுக் கூடம், களஞ்சியம் என்று வளர்ந்து, 1939 செப்டம்பர் 1இல் அடிக்கல் நாட்டிய மாத்ருபூதேஸ்வரர் கோயில் 1949 மார்ச் 17இல் குடமுழுக்குக் காணும்வரை, கல்லும் இரும்பும் மோதும் ஓசை இங்கே ஓய்ந்த காலம் குறைவு. கோயிலை எழுப்பியவர் என்று வைத்தியநாத ஸ்தபதியின் பெயரைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ஒன்பதரை ஆண்டு வேலையைத் தாங்கியதில் பெரும் பங்கு கல்லைத் தொடாத ஒரு தொழிலுக்கு உண்டு. கருவியைச் செப்பனிடும் தொழில் அது.

கருங்கல்லில் வேலை செய்யும் உளி சீக்கிரமே மழுங்கிவிடும். கல்லில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் எஃகைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மழுங்கிய உளி கல்லை வெட்டாது, நொறுக்கும். விளிம்பு சிதறினால் மாதக்கணக்கில் செய்த வேலை பாழ். ஆகவே கல்தச்சர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் உலையும் துருத்தியும் அடைகல்லும் இல்லாமல் கருங்கல் கோயில் எழும்பவே முடியாது. கொல்லர் உளியின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, கூர் எடுத்து, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். துவைச்சல் என்று சொல்லும் இந்த வேலையில்தான் சூட்சுமம். நுனியை மட்டும் நனைத்து எடுத்தால், மேலே தங்கிய சூடு மெல்ல இறங்கி வரும். அது வரும்போது எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும். அந்த நிறம் நுனியைத் தொடும் கணத்தில் மறுபடி தண்ணீரில் விட வேண்டும். முந்தினால் நுனி கண்ணாடிபோல உடையும், பிந்தினால் மெழுகாய் மடங்கும். உளியின் தலைப்பக்கமும் அடிபட்டு அடிபட்டுக் குடைபோல விரியும். அதை அவ்வப்போது வெட்டிச் சீர்செய்யாவிட்டால் சிம்பு தெறித்துக் கண்ணைப் பறிக்கும். இந்தத் தொழில் ஆசிரமத்தில் பிறந்ததல்ல. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் முடிந்த, இவ்வூர்ப் பெரிய கோயிலின் 217 அடிக் கிழக்குக் கோபுரத்தின் கருங்கல் அடித்தளமும் இப்படி ஓர் உலையின் துணையில்லாமல் எழுந்திருக்காது. (கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது கிடக்கும் ஊர் இது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.)

இந்த வேலையை ஆசிரமம் கீழான வேலையாக நினைத்ததா? ரமணரின் அன்றாடமே பதில். மலைமேல் வாழ்ந்த விரூபாக்ஷ குகைக் காலத்திலும் ஸ்கந்தாசிரமத்திலும் கொட்டாங்கச்சியை வழவழவென்று தேய்த்துக் கிண்ணம் செய்தார், கைத்தடி செதுக்கினார், கிழிந்த துணியிலிருந்தே நூலை உருவி, முள்ளை ஊசியாக்கித் தைத்தார். பின்னாளில் பழைய புத்தகங்களுக்குக் கட்டு போட்டார். ஒருபக்கம் எழுதிய தாளின் வெற்றுப் பகுதியை நறுக்கிச் சேர்த்து நோட்டு ஆக்கினார். 1928இல் வந்து கட்டட வேலைகளை மேற்பார்த்த அண்ணாமலை சுவாமிக்கு, எதை எங்கே எப்படிக் கட்டுவது என்று சொன்னவரும் அவரே. பலன் கருதாத வேலை என்றால் என்ன என்று வேலூர் ஊரீஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் கேட்டபோது உடனே விளக்கம் வரவில்லை. மலைமேல் போனபோது முள் நிறைந்த கிளை ஒன்றை எடுத்து, முள் சீவி, கணு தட்டி, சொரசொரப்பான இலையால் தேய்த்து, சுமார் ஆறு மணி நேரத்தில் அழகிய கோல் ஆக்கினார். தன் கோலைத் தொலைத்துவிட்டு நின்ற ஆட்டிடையச் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் வறுமையின் விளைவு என்று ஒருவர் மறுக்கலாம். குகைக் காலத்துக்கு அது பொருந்தும். ஆனால் கருங்கல் கோயில் கட்டும் அளவுக்கு நன்கொடை வந்த நாற்பதுகளிலும் தாள் நறுக்கும் பழக்கம் நிற்கவில்லை. காசில்லாததால் மட்டும் வந்த பழக்கமாக இருந்தால் காசு வந்ததும் போயிருக்கும். பக்தர்களின் நினைவுக் குறிப்புகளை நம்பலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. குருவைப் பெரிதாக்கிக் காட்டும் ஆசை அவற்றில் இல்லாமலில்லை. ஆனால் பெரிதாக்க நினைப்பவர் அற்புதத்தைத்தான் கூட்டுவார். தாள் துண்டையும் கொட்டாங்கச்சியையும் இட்டுக்கட்ட யாருக்கு என்ன ஆசை? தெலுங்கில் கடிதம் எழுதிய சூரி நாகம்மா, ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிய தேவராஜ முதலியார், வயதான பின் நேர்காணலில் பேசிய அண்ணாமலை சுவாமி என்று தனித்தனியாகப் பதிவு செய்தவர்களிடம் இந்தச் சிக்கன முகம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதனால் இந்தச் சிறு விவரங்களை நான் ஏற்கிறேன். பழுதுபார்ப்பையே ஆன்மிகம் என்று ஏற்றிச் சொல்பவர்களோடு மட்டும் உடன்பாடில்லை. கொல்லர் கூலிக்குக் கூர் வைத்தார். அதைக் கூலி வேலையாகவே மதிப்பதில் குறைவொன்றுமில்லை.

இப்போது கல்தச்சர் கையில் கார்பைடு நுனி உளியும் மின்சார அறுவை வட்டும் வந்துவிட்டன. கார்பைடை உலையில் காய்ச்சி அடித்து நீட்ட முடியாது. தேய்ந்தால் சாணை பிடிக்கலாம், உடைந்தால் மாற்ற வேண்டியதுதான். வேலை விரைந்தது, தூசி பெருகியது, கல்தச்சருக்குப் பக்கத்தில் கொல்லருக்கு இருந்த இடம் சுருங்கியது. கருவியைத் தூக்கிப் போடாமல் செப்பனிட்டு மறுபடி பயன்படுத்தும் பழைய ஒழுங்கு வண்டி மெக்கானிக்கின் ராட்செட் ஸ்பேனரில்தான் ஓரளவு பிழைத்திருக்கிறது. அதன் தலைக்குள் பற்சக்கரமும், ஸ்பிரிங் தள்ளும் ஒரு சிறு நாக்கும் உண்டு. பழைய கிரீஸ் இறுகிப்போனால் நாக்கு பல்லில் விழாது, ஸ்பேனர் இரு பக்கமும் வெறுமனே சுற்றும். தூக்கிப் போட வேண்டியதில்லை. கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்லிடுக்கைத் தேய்த்துத் துடைத்து, கெட்டி கிரீஸுக்குப் பதில் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டால் மறுபடி டிக் டிக்கென்று பிடிக்கும்.

தாத்தாவின் உளியோ அடைகல்லோ பழைய ஸ்பேனரோ வீட்டில் கிடந்தால், பழைய இரும்புக் கடைக்கு எடை போடுவதற்கு முன் ஒருமுறை துருவைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பாருங்கள். அதைப் பிடித்து வேலை செய்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.