கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் விலை ஏன் இறங்குவதில்லை?

கச்சா எண்ணெய் விலை ஏறினால் பெட்ரோல் விலை ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கச்சா எண்ணெய் இறங்கினால்? இந்தியாவின் கடந்த ஐம்பது வருட வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதியையே நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இந்தியாவில் எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசு வசம் வந்தன. விலையை அரசே நிர்ணயிக்கும் முறையும் உறுதியானது. பெட்ரோலைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் மண்ணெண்ணெயையும் சமையல் எரிவாயுவையும் மலிவாகக் கொடுப்பார்கள். வரவு செலவு எல்லாம் 'ஆயில் பூல்' என்ற பொதுக் கணக்கில் ஏறும். உலகச் சந்தையில் புயல் அடித்தாலும் பங்கில் விலை சட்டென்று மாறாது.

2002 ஏப்ரலில் இந்த முறை காகிதத்தில் முடிவுக்கு வந்தது. ஆனால் உலக விலை ஏறத் தொடங்கியதும் அரசு மறுபடியும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. எண்ணெய் நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்ட ரொக்கத்துக்குப் பதில் கடன் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்! அன்றைய சுமையைப் பிற்காலத்து வரி செலுத்துவோர் தலையில் கட்டியது போலத்தான்.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கின. இனி சந்தை விலைதான் என்றார்கள். கதையின் முக்கியமான கட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2013-14இல் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்குச் சுமார் 105 டாலர். 2015-16இல் அது சுமார் 46 டாலர். பாதிக்கும் கீழே! பெட்ரோல் விலையும் பாதியானதா? இல்லை. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தியது. லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த பெட்ரோல் வரி 21.48 ஆனது. டீசல் வரி 3.56இலிருந்து 17.33 ஆனது. பெட்ரோலியப் பொருட்களின் மீதான மத்தியக் கலால் வருவாய் 2014-15இல் சுமார் 99 ஆயிரம் கோடி ரூபாய். 2016-17இல் சுமார் 2 லட்சத்து 42 ஆயிரம் கோடி.

2020இல் கொரோனா வந்தபோதும் இதுவே நடந்தது. ஏப்ரலில் இந்தியாவின் கொள்முதல் விலை சராசரியாக 20 டாலருக்கு இறங்கியது. மே மாதம் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூட்டப்பட்டது. பங்கில் விலை ஏறவில்லை என்பதால் பலருக்கு அது உறைக்கவில்லை. பிறகு உலக விலை ஏறியபோது அந்த வரி அப்படியே நின்றது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது.

வணிகவியல் பாடத்தில் இதற்கு விளக்கம் உண்டு. விலை ஏறினாலும் தேவை அவ்வளவாகக் குறையாத பொருள் என்றால், வரி வசூலுக்கு அதைவிட வசதியான பொருள் இல்லை. வேலைக்குப் போகிறவர் வண்டியை எடுத்துத்தான் ஆகவேண்டும்; காய்கறி லாரி ஓடித்தான் ஆகவேண்டும். சாலை போடவும் பற்றாக்குறையைச் சமாளிக்கவும் பணம் தேவைதான். ஆனால் வருமான வரி வசதிக்கேற்ப ஏறும். பெட்ரோல் வரி பணக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் ஒன்றுதான்.

இதில் மாநிலங்களின் சங்கடம் வேறு. 2021 பட்ஜெட்டுக்குப் பின் பெட்ரோல் மீதான மத்திய வரி 32.90 ரூபாய். அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1.40 ரூபாய். மீதி எல்லாம் செஸ், சர்சார்ஜ் வகை. மாநிலங்கள் தங்கள் மதிப்புக் கூட்டு வரியை விட்டுக்கொடுக்கத் தயங்கியதற்கும், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நின்றதற்கும் காரணம் இந்த வருவாய்தான். ஆனாலும் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. அதற்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று சொல்லப்பட்டது.

மத்திய அரசும் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தது. இடையில் ஒரு வேடிக்கை: தினமும் விலை மாறும் என்று 2017 ஜூனில் அறிவிக்கப்பட்ட முறை, ஐந்து மாநிலத் தேர்தல்களை ஒட்டி 137 நாள் அசையாமல் நின்றது. தேர்தல் முடிந்தது, 2022 மார்ச் 22 அன்று விலை மறுபடி ஏறத் தொடங்கியது.

கச்சா எண்ணெயின் விலை இந்தியாவின் கையில் இல்லை. வரி இருக்கிறது. ஏற்றத்தின் சுமையைச் சுமக்கும் மக்களுக்கு இறக்கத்தின் பலனில் எவ்வளவு பங்கு என்று எந்த ஆட்சியும் ஒரு விதியாக எழுதி வைக்கவில்லை. அதை எழுதி வைக்காத வரை கச்சா எண்ணெய் எவ்வளவு இறங்கினாலும் பங்கில் கேட்கப்படும் கேள்வி இதேதான்.