காசு பதித்த பலகை

சென்ற வருஷம் பெங்களூரில் மருமான் அகத்திற்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு டீபாய். அதன் மேல்பரப்பு முழுவதும் காலணா, ஓட்டைக் காலணா, அரையணா என்று பழைய காசுகளை அடுக்கி, எபாக்ஸி பசையைக் கண்ணாடி மாதிரி ஊற்றியிருந்தான். "உங்ககிட்ட இருக்கற திருவிதாங்கூர் காசையும் தாங்கோ மாமா, பூஜை அறைச் சுவர்ல பதிச்சுடலாம்" என்றான். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. காரணத்தை அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காசும் பலகையும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இன்றைய இடுக்கி மலைப்பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் புழங்கிய வெள்ளிச் சக்கரம் துவரம் பருப்பு அளவுதான். விரலால் எண்ணி மாளாது. அதற்கென்றே சக்கரப் பலகை உண்டு. மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். காசைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம்! கம்பத்திலிருந்து குமுளி ஏறியவர்கள் இந்த அரைச் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பாலக்காடு மலபார் ஜில்லாவில் இருந்ததால் நமக்கு அணா, பைசாதான்.

காசை அலங்காரமாக்குவதும் பழசுதான். காசுமாலை இல்லாத கல்யாணமா? 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமீது உளி வெட்டு. மீண்டும் காசாகச் செல்லக்கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். குன்னங்குளம் அருகே எய்யாலில் ரோமானியப் பொன்னும் வெள்ளியும், நம் நாட்டு முத்திரைக் காசுகளும் ஒரே புதையலில் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கோவை வெள்ளலூரிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. எந்தக் காசு எங்கே, எதனோடு கிடைத்தது என்பதை வைத்துத்தான் அந்தக் கணவாய் வழி வாணிபத்தை ஆராய்ச்சியாளர்கள் கட்டி எழுப்பினார்கள்.

எபாக்ஸியில் எனக்குள்ள சங்கடம் இதுதான். அது இறுகியபின் சூடாக்கினாலும் உருகாது. காசைப் பெயர்த்தால் மேல்தோலும் போய்விடும். ஐந்தாம் ஜார்ஜ் காலணாவில் ராஜா தலை ஒருபுறம். வருஷமும், பம்பாயில் அடித்ததென்று காட்டும் சிறு புள்ளியும் மறுபுறம். தலையை மேலே வைத்து ஒட்டினால் பாதிச் சரித்திரம் மரத்துக்குள் போயிற்று. ஒட்டுவதற்கு முன் பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்ப்பது அதைவிடக் கொடுமை. புளியின் அமிலம் செம்பின் மேல்படலத்தைக் கரைத்துவிடும்.

நம் அகத்துப் பெண்மணிகள் இதில் புத்திசாலிகள். 1968 முதல் வந்த தாமரைப்பூ 20 பைசாவை 108 சேர்த்து வைத்து லக்ஷ்மி பூஜை செய்வார்கள். பூஜை முடிந்ததும் துடைத்து டப்பாவில் போட்டுவிடுவார்கள். துளையும் இல்லை, பசையும் இல்லை.

மருமானுக்கு அலுமினிய ஐந்து பைசாக்கள் ஒரு பை நிறைய அனுப்பினேன். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாதவை. எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டட்டும். சக்கரங்கள் என்னிடமே இருக்கின்றன. உங்கள் அகத்துப் பரணில் குழிகள் நிறைந்த பழைய பலகை கிடந்தால் விறகென்று போட்டுவிடாதீர்கள். யார், எந்த ஊரில் வைத்திருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, நூலால் அதோடு கட்டி வையுங்கள்.